தசை மெலிவு வேறு, தசை உடைவு வேறு

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றை ஒட்டி அமைந்துள்ள கட்கியைச் சரித்திர ஆசிரியர்கள் 1817ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் பேஷ்வாவின் சேனையும் ஆங்கிலக் கம்பெனியின் சேனையும் பொருத களம் என்று குறிப்பர். இன்று அவ்வூரை அறிந்தோர் அதனைப் பொறியியற் படையினரின் பாசறையாகவும், படைக்கலத் தொழிற்சாலையாகவும், உலகப் போரில் மடிந்தவர்களின் கல்லறைத் தோட்டமாகவும் அறிவர். முதல் உலகப் போரில் உறுப்பிழந்த சிப்பாய்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் நோக்குடன் 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ராணி மேரி தொழிற்பயிற்சி நிலையம் இருப்பதும் அங்கேதான். இவற்றினும் நம் கட்டுரைக்கு நெருங்கியது வேறொன்று. முதுகுத்தண்டில் காயமுற்று இடுப்பின் கீழோ, கழுத்தின் கீழோ செயலிழந்த படைவீரர்களுக்கென 1974ஆம் ஆண்டு முதல் ஒரு மறுவாழ்வு நிலையம் கட்கியில் இயங்கி வருகிறது. போரில் குண்டுபட்டவர்களும், மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து விழுந்தவர்களும், பயிற்சியில் தவறி விழுந்தவர்களும் அதனால் பயனடைந்தவர்கள். தமிழ் நாட்டுக் கிராமங்களிலிருந்து சேனைக்குச் சென்றவர்கள் இத்தகைய காயத்துக்கு விலக்கானவர்கள் அல்லர். அவர்களிற் சிலர் சக்கர நாற்காலியுடன் ஊர் திரும்புகின்றனர். திரும்பியபின் அவர்களைப் பேணுகிறவர்கள் மனைவியரும், தாய்மாரும், அவ்வூர்ச் சுகாதார ஊழியருமே.

அத்தகைய குடும்பத்தாருக்கென எழுதப்பெற்ற சிறு கையேடு ஒன்றின் தமிழாக்கம், ஒத்துப் பார்க்கும் பொருட்டுச் சில மாதங்களுக்கு முன் என் மேசைக்கு வந்தது. எந்த அலுவலகத்தினின்று வந்தது என்பது இங்கு வேண்டாதது. அதன் இரண்டாம் பக்கத்தில், "செயலிழந்த கால்களில் தசைச் சிதைவு ஏற்படும், அதனைத் தடுக்க நாள்தோறும் பயிற்சி தேவை" என்றிருந்தது. ஐந்தாம் பக்கத்தில், "அளவு மீறிய பயிற்சியால் தசைச் சிதைவு ஏற்பட்டுச் சிறுநீரகம் பழுதுபடும்" என்றிருந்தது. கடைசிப் பக்கத்தில் அரசின் உதவித்தொகைகளைக் கூறும் இடத்தில், "தசைச் சிதைவு நோயுற்றோர்" என்று மூன்றாம் முறையும் அச்சொல்லே வந்தது. ஆங்கில மூலத்தில் இவை மூன்றும் வெவ்வேறு சொற்கள். தமிழில் ஒரே சொல். இதைப் படிக்கும் ஒரு பெண்மணி என்ன முடிவுக்கு வருவாள்? கணவனின் காலை மடக்கி நீட்டினால் சிதைவு நிற்குமா, சிதைவு வருமா? இவ்விரண்டும் போதாவென்று, பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வரும் நோயே இதுவோ என்ற அச்சமும் அவளைப் பற்றிக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொற்பஞ்சம் நேர்வது இயல்பு. ஆனால் இந்த ஓர் இடத்தில் மட்டும் அப்பஞ்சத்தை நாம் பொறுத்துக்கொள்ளலாகாது என்பது என் கருத்து. காரணத்தை விளக்க வேண்டுமானால் தசையின் உள்ளே நடப்பனவற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

தசை வேலை செய்வதற்கு நேரடியாகச் செலவிடும் நாணயம் ஏ.டி.பி. என்னும் பொருள். இதனைத் தசையினின்று பிரித்தறிந்தவர்களுள் ஒருவர், பீமவரத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பராவ் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்குத் தவறாது கூறுதல் நலம். அமெரிக்காவில் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து அவர் 1927இல் பாஸ்போகிரியாட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டார். தசையின் கைவசம் உள்ள ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதுமாகையால், செலவாகச் செலவாக அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புதுப்பித்தலில் பெரும்பகுதி, உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உறுப்புகளில் நடைபெறுகிறது. சர்க்கரையும் கொழுப்பும் இறுதியாக எரிக்கப்படும் அடுப்பு இதுவே. அவ்வடுப்பில் நிகழும் வினைகளின் வட்டத்தை 1937இல் விளக்கியமைக்காகவே கிரெப்ஸ் என்பாருக்கு 1953ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

அவ்வட்டத்தில் சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் என்றொரு நொதி உண்டு. மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் பதிந்திருப்பது. சக்சினேட்டைப் ஃபியூமரேட்டாக மாற்றி, அதிற் கிடைத்த எலெக்டிரான்களைச் சுவாசச் சங்கிலிக்கு ஒப்படைப்பது. கிரெப்ஸ் வட்டத்திலும் சுவாசச் சங்கிலியிலும் ஒருங்கே பங்குபெறும் நொதி இது ஒன்றே. ஆய்வுக்கூடத்தார் இதனை விரும்புவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தசையின் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, சக்சினேட்டையும் ஒரு டெட்ரசோலியம் உப்பையும் சேர்த்தால், நொதி எங்கெங்கே மிகுந்திருக்கிறதோ அங்கங்கே கருநீல நிறம் படியும். எந்த நாரில் அடுப்பு நன்றாக எரிகிறது, எதில் அணைந்துகொண்டிருக்கிறது என்பதை உருப்பெருக்கியின் கீழ் கண்ணாலேயே காணலாம்.

முதுகுத்தண்டில் காயமுற்றவரின் தொடைத்தசை முதற் சில வாரங்களிலேயே பருமன் குறையத் தொடங்குகிறது. மாதங்களும் ஆண்டுகளும் செல்லச் செல்ல, நெடுநேரம் களைப்பின்றி வேலை செய்யும் மெதுநார்கள் விரைவிற் களைக்கும் வேகநார்களாக மாறுகின்றன. பல்லாண்டு செயலற்றிருந்த காலின் தசைச் சீவலில் மேற்சொன்ன கருநீலம் வெளுத்துக் காண்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து கூறியிருக்கின்றனர். அதே காலுக்கு மின்தூண்டல் மூலம் தொடர்ந்து வேலை கொடுத்தபோது, நொதியின் அளவு மீண்டும் உயர்ந்ததையும் அவர்களே கண்டனர். மூளையின் கட்டளை எட்டாத தசையும், வேலை கொடுத்தால் தன் அடுப்பை மறுபடியும் மூட்டிக்கொள்கிறது. இச்செய்தியை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கால் நடக்கப்போவதில்லை என்பது உண்மையாகலாம்; ஆயினும் அக்காலின் தசை உயிரோடிருக்கிறது, உழைப்புக்கு மறுமொழி கூறுகிறது.

பருமன் குறைவது எவ்வாறு? தசை உடைந்து கொட்டிவிடுவதில்லை. உயிரணு தன் புரதங்களைத் தானே எண்ணிப் பார்த்து, வேண்டாதவற்றுக்கு யுபிக்விட்டின் என்னும் சிறு முத்திரையிட்டு, புரோட்டியசோம் என்னும் அரவைச் சாலைக்கு அனுப்புகிறது. இம்முத்திரை முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2004ஆம் ஆண்டின் ரசாயன நோபெல் பரிசு வழங்கப்பட்டது. தசை மெலியும்போது முத்திரையிடும் வேலையை முடுக்கிவிடும் இரு சிறப்பு நொதிகள் 2001இல் அறியப்பட்டன. இனி, இதற்கும் மைட்டோகாண்டிரியாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மைட்டோகாண்டிரியாக்களைப் பெருக்குமாறு உயிரணுவுக்கு ஆணையிடும் பி.ஜி.சி.-1 ஆல்ஃபா என்னும் புரதம் ஒன்று உண்டு. தசை உழைக்கும்போது இது மிகும், ஓய்ந்தால் குறையும். இப்புரதம் மிகுதியாக உள்ள எலிகளின் தசை, நரம்பு அறுபட்டபோதும் அவ்வளவாக மெலியவில்லை என்றும், முத்திரையிடும் மரபணுக்களை முடுக்கும் காரணியை அது அடக்கி வைக்கிறது என்றும் 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அடுப்பை மூட்டும் ஆணையே அரவையைத் தடுக்கும் ஆணையாகவும் இருக்கிறது. எலியிற் கண்டதை மனிதனுக்கு அப்படியே ஏற்றிக் கூறல் ஆகாது. ஆயினும் இயக்கமே மெலிவுக்கு மருந்து என்னும் பழைய அனுபவத்துக்கு இதனால் ஒரு ரசாயன விளக்கம் கிடைக்கிறது.

அவ்வனுபவம் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடி பட்டு இடுப்பின் கீழ்ச் செயலிழந்த மராட்டிய வீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பெர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக் பந்தயத்தில் 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடிகளில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். வேலூரில் 1954ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியிலிருந்தவாறே அறுவைச் சிகிச்சை செய்ததும், 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் ஒன்று தோன்றக் காரணமாயிருந்ததும் தமிழ் நாட்டார் அறிந்த செய்தி. ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கழுத்தெலும்பு முறிந்த அவருக்குச் சிகிச்சை செய்த படைத்துறை மருத்துவர் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாகல் அவர்களின் பெயரால் அமைந்தது. இவர்களிடம் யாரேனும், "உமக்குத் தசைச் சிதைவு, அசையாமல் இரும்" என்று கூறியிருந்தால் என்னவாகியிருக்கும்!

இனி மற்றொன்றைப் பார்ப்போம். இதில் தசை அளவாகத் தன்னைக் குறைத்துக்கொள்வதில்லை. நாரின் சவ்வு கிழிந்து, உள்ளிருப்பது குருதியில் கொட்டுகிறது. 1941இல் லண்டன் மாநகர் குண்டுவீச்சில் இடிபாடுகளின் கீழ் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்டவர்கள், முதலில் தேறியவர்களைப் போல் தோன்றிச் சில நாட்களில் சிறுநீரகம் செயலற்று மடிந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்னும் மருத்துவர்கள் விவரித்தனர். நசுங்கிய தசையிலிருந்து வெளிப்பட்ட மையோகுளோபின் என்னும் செந்நிறப் புரதமே சிறுநீரக நுண்குழல்களைக் கெடுக்கிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. பூகம்பங்களில் மீட்புப் பணி செய்வோர் இதனை நன்கறிவர்; 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் கில்லாரியில் நிலம் நடுங்கிய மராட்டியத்துக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. நசுங்காமலும் இது நேரலாம். கடற்பாம்பு தீண்டினால் நேரும். கடும் வெயிலில் பழக்கமில்லாத ஒருவனை அளவு மீறி ஓடவிட்டால் நேரும். இவ்வாறு நேரும் வகைகளுள் மிக நுட்பமானது, மைட்டோகாண்டிரியாவின் ஒரே ஒரு நொதி குறைவதால் வருவது.

அந்நொதியின் பெயர் நீண்டது: கார்னிட்டின் பால்மிட்டோயில் டிரான்ஸ்பரேஸ், இரண்டாம் வகை. அது செய்யும் வேலை எளிது. நீண்ட கொழுப்பு அமிலங்கள் மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வைத் தாமாகக் கடக்க இயலா. கார்னிட்டின் என்னும் ஓடம் அவற்றை அக்கரை சேர்க்கிறது. இக்கரையில் சுமையேற்றுபவன் முதல் வகை நொதி. அக்கரையில் சுமையிறக்குபவன் இரண்டாம் வகை நொதி. இறக்குபவன் மெலிந்தவனாயின், சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது; சரக்கு குறைவு, வேலை எப்படியோ நடந்துவிடும். சரக்கு குவியும் நாளில்தான் துறை முடங்கும். அந்நாள் எது? தசையின் சர்க்கரைக் கையிருப்பு தீர்ந்து, கொழுப்பை நம்பியே இயங்க வேண்டிய நாள். நெடுநேர உழைப்பு, பட்டினி, குளிர், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்றோ, பலவோ கூடினால் ஏ.டி.பி. வற்றுகிறது. ஏ.டி.பி. வற்றினால், கால்சியத்தை அடைத்து வைக்கும் பம்புகள் நின்றுபோகின்றன. நாரினுள் பெருகும் கால்சியம், புரதத்தையும் சவ்வையும் அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. சவ்வு கிழிகிறது. மையோகுளோபின் சிறுநீரகத்துக்குச் செல்கிறது; பொட்டாசியம் இருதயத்தின் தாளத்தைக் குலைக்கிறது; கிரியாட்டின் கைனேஸ் என்னும் தசை நொதி குருதியில் பன்மடங்கு உயர்ந்து, நடந்ததற்குச் சாட்சியாகிறது. காய்ச்சலின்போது இது மேலும் கடுமையாவதற்குக் காரணம், மாறுபட்ட அந்நொதி உடற்சூடு ஏறும்போது எளிதில் நிலைகுலைவதே.

இக்குறையை டிமௌரோ என்னும் பெயருடைய இருவர் 1973இல் முதன்முதலாக விவரித்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்றவர்க்கே இந்நோய் வரும். இது அரியது. ஆனால் மீண்டும் மீண்டும் தசை உடைந்து சிறுநீர் கறுக்கும் பரம்பரை நோய்களுள் தலைமையானது என்று மருத்துவ நூல்கள் இதனைக் கூறும். இடைப்பட்ட நாட்களில் நோயாளி வலியும் குறையுமின்றி, மற்றவர்களைப் போலவே இருப்பார். குருதிச் சோதனையும் பெரும்பாலும் சரியாகவே காணும். ஆதலால்தான் இவரைச் சோம்பேறி என்றோ, பாசாங்குக்காரர் என்றோ பிறர் எண்ணிவிடுகின்றனர்.

தேகப்பயிற்சி ஆசிரியர்கள் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் இங்குண்டு. மக்ஆர்டில் என்னும் ஆங்கில மருத்துவர் 1951இல் விவரித்த மற்றொரு தசைநோயில் குறை மைட்டோகாண்டிரியாவில் இல்லை. தசையிலுள்ள கிளைக்கோஜனைச் சர்க்கரையாக எடுத்துக் கொடுக்கும் நொதி இல்லாமையே குறை. அந்நோயாளிக்கு ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தசை பிடித்துக்கொள்ளும். சற்று இளைப்பாறி மெல்லத் தொடர்ந்தால், கொழுப்பு துணைக்கு வந்து, வலி குறைந்துவிடும். நாம் பேசும் நோயாளிக்கோ நேர்மாறு. நூறு மீட்டர் பந்தயத்தில் அவன் முதல்வனாகவும் வரலாம். நெடுந்தூர ஓட்டத்தின் பிற்பகுதியிலோ, அணிவகுப்புப் பயிற்சி முடிந்த அன்றிரவிலோதான் தொடை கல்லாகும், மறுநாள் சிறுநீர் கறுக்கும். வலி எப்போது வந்தது என்ற ஒரு கேள்வியே, பழுது எந்தத் துறையில் என்பதை ஓரளவு காட்டிவிடுகிறது. இதற்கு எந்திரம் வேண்டா.

ஆண்டுதோறும் ஆஷாட ஏகாதசியை முன்னிட்டு ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் புறப்படும் வார்கரிகள் புனே நகரின் வழியாகவே பண்டரிபுரம் செல்கின்றனர். நம் பக்கத்தில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் எத்தனை பேர்! பல நாள் நடை, விரதம், மழையோ பனியோ ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் இடங்கள் இவை. நடப்பவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வருவது வெறும் உடல்வலி. இரண்டு நாளில் தீரும். இக்கட்டுரையைப் படித்து யாத்திரைக்காரரை எவரும் அச்சுறுத்த வேண்டா. ஆனால் வழியில் முகாம் அமைக்கும் ஊழியர், "முன்னும் இப்படி வந்ததுண்டா? அன்று உண்டீரா? சிறுநீர் என்ன நிறம்?" என்று கேட்டறிய ஒரு நிமிடம் போதும். இக்குறை உள்ளவர்க்கு மருத்துவர் கூறுவது, நெடும்பட்டினி கூடாது, உழைப்புக்கு முன்னும் இடையிலும் மாவுப்பண்டம் உண்ண வேண்டும், நீண்ட கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்பவையே. குறுகிய கொழுப்பு அமிலங்கள் ஓடமின்றியே கரை கடக்கும் என்பதால், 8, 10 கரியணுக்கள் கொண்ட கொழுப்பைத் தனியே பிரித்து மருந்தாகவும் தருகின்றனர். இதைக் கேட்டவுடன் தேங்காயெண்ணெயே போதுமென்று நம்மவர் கூறிவிடுவர். தேங்காயெண்ணெயில் பாதியளவு 12 கரியணு கொண்ட லாரிக் அமிலம். 8உம் 10உம் சேர்ந்து ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். மருந்துக்கு அது ஈடாகாது.

பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒன்று கூறாமல் இருக்க இயலாது. நூறு, இருநூறு தோப்புக்கரணம் போடச் செய்வது சிறு தண்டனை என்றே பலர் எண்ணுகின்றனர். எந்த நொதிக் குறையும் இல்லாத சிறுவனுக்கும், பழக்கமின்றித் தொடர்ந்து உட்கார்ந்து எழுவதால் தொடைத்தசை உடைந்து, மருத்துவமனையிற் சேர்க்க நேர்ந்த நிகழ்ச்சிகள் பல நாட்டு மருத்துவ ஏடுகளிலும் வந்துள்ளன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையை விலக்கியிருக்கிறது. சட்டத்தை மறந்தவரும் சிறுநீரகத்தையாவது நினைத்துக்கொள்ளட்டும். பயிற்சி என்ற பெயரில் செய்தாலும் தசைக்கு வேற்றுமை தெரியாது.

இப்போது சொல்லுக்குத் திரும்புவோம். மெலிவில் இயக்கம் மருந்து. உடைவில் அன்றைக்கு ஓய்வே மருந்து, உழைப்பு நஞ்சு. ஒன்றுக்குக் கூற வேண்டிய புத்திமதியை மற்றதற்குக் கூறினால் தீங்கு நேரும். மூன்றாவதான பரம்பரைத் தசைச் சிதைவு நோயோ, தசைச் சவ்வைத் தாங்கும் புரதத்தின் குறையால் ஆண்டுக்காண்டு வளர்வது. டிஸ்டிரோபின் என்னும் அப்புரதம் 1987இல் அறியப்பட்டது. அரசின் உத்தரவுகளிலும் மக்கள் வழக்கிலும் "தசைச் சிதைவு" என்னும் பெயர் இந்நோய்க்கே நிலைபெற்றுவிட்டது. அதை அங்கேயே விட்டுவிடுதல் தகும்.

என் கருத்துக்கு ஒரு தடை கூறப்படலாம். மெலிவிலும் உடைவிலும் மைட்டோகாண்டிரியாவே நடுநாயகமாக நிற்கிறது. இரண்டிலும் புரதம் அழிகிறது. ஆங்கிலத்திலேயே ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் ஒரே பொதுச்சொல்லால் குறிப்பதுண்டு. அவ்வாறிருக்க, தமிழில் மட்டும் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பர். உண்மைதான். ஆராய்ச்சியாளர் பொதுச்சொல் கூறினும், அடுத்த வரியில் அளவும் நொதியும் கூறித் தெளிவாக்கிவிடுவார். நம் கையேட்டைப் படிப்பவருக்கு அடுத்த வரி இல்லை; சொல் ஒன்றே உண்டு. அன்றியும், ஊற்று ஒன்று என்பதற்காக ஆற்றுக்கும் ஏரிக்கும் ஒரே பெயர் வைப்பாரில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்துச் சொற்றொகுதிகளும் செய்தார். 1954 முதல் 1968 வரை பெ. தூரன் அவர்களின் பொறுப்பில் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. சொல்லுக்குச் சொல் உட்கார்ந்து வாதிட்ட மரபு நமக்கு இல்லாமலில்லை. அம்மரபிலேயே கூறுகிறேன்: முதலாவதற்கு "தசை மெலிவு", இரண்டாவதற்கு "தசை உடைவு", பரம்பரை நோய்க்கு மட்டும் "தசைச் சிதைவு". "தசைக் கரைவு" என்று சிலர் எழுதுகின்றனர். அது மெல்ல நடப்பது போன்ற எண்ணத்தைத் தருவதால் அவசரத்தை மறைத்துவிடும். மெலிவுக்கு மக்களிடம் நல்லதொரு சொல் முன்பே இருக்கிறது. இளம்பிள்ளை வாதம் கண்ட காலை "சூம்பிப் போயிற்று" என்று கிராமத்தார் கூறுவதைக் கேளாத ஊழியர் இரார். 2011ஆம் ஆண்டு ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ நோயாளி எவரும் காணப்படவில்லை. நோய் போயினும் சொல் இருக்கிறது. "வேலை கொடுக்காவிட்டால் கால் இன்னும் சூம்பும்" என்று கூறினால் விளங்காதார் யார்?

உடைவுக்கு அவ்வாறு நாட்டுவழக்கு இல்லை. நிறத்தைக் கொண்டே அடையாளம் கூற வேண்டும். கடும் உழைப்புக்கோ, ஓட்டத்துக்கோ, நெடுநடைக்கோ பின் தசை வீங்கிக் கல்லாகி, சிறுநீர் பால் கலவாத காப்பியின் நிறத்தில் இறங்குமாயின், அது மஞ்சட்காமாலை என்றோ, சூடு என்றோ எண்ணி வீட்டில் வைத்திருக்கலாகாது. வலி மாத்திரைகளிற் பல சிறுநீரகத்துக்கு மேலும் கேடு செய்வன. மருத்துவர் பார்க்குமுன் அவற்றைக் கொடுக்க வேண்டா. ஆரம்ப சுகாதார நிலையத்திலுள்ள சிறுநீர்ச் சோதனைத் தாள், மையோகுளோபினையும் குருதியையும் பிரித்தறியாது. இரண்டுக்கும் ஒரே நிறம் காட்டும். தாள் "குருதி உண்டு" என்று காட்ட, உருப்பெருக்கியில் செவ்வணுக்கள் இல்லாமலோ, மிகச் சிலவாகவோ இருப்பின், தசை உடைவை ஐயுற்று அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் சீட்டில், வேலை தொடங்கி எவ்வளவு நேரத்துக்குப்பின் வலி கண்டது, அன்று கடைசியாக உண்டது எப்போது, முன்னர் இவ்வாறு நேர்ந்ததுண்டா என்னும் மூன்றையும் ஊழியர் தம் கையால் எழுதிவிட்டால், அங்குள்ள மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது போலாகும்.